மாஸ்டர் லட்டுவின் பூப்புனித நீராட்டு விழா

மே 2, 1967. செவ்வாய்

கடைசிக் காட்சியில் நான் இருக்கிறேன்! இன்று டைரக்டர் சோமானி சாப் வாசித்துக் காட்டினார். சும்மா ஓரத்தில் நிற்கிற வேலை இல்லை. ஒரு பக்கம் முழுக்க எனக்குத்தான் வசனம். ஹீரோவுக்கு "பேட்டா" என்று ஒரே ஒரு சொல், மகனே என்று அர்த்தம். அதையும் அவர் மூச்சிரைக்கச் சொல்ல வேண்டும், பாவம்.

இதற்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்த டைரியை அம்மா மட்டும்தான் எடுத்துப் பார்ப்பாள், அதுவும் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பம்பாயில் இருந்துகொண்டு இந்தி பேசியே நான் தமிழை மறந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஐந்து வருடமாக இந்திப் படங்களில் நடிக்கிறேன். எல்லாவற்றிலும் நான் ஹீரோவின் சின்ன வயசு. ரொட்டியைத் திருடிக்கொண்டு ஓடுவேன். ஓடும்போது என் காலை மட்டும் காட்டுவார்கள். கேமரா மேலே ஏறினால் அங்கே மீசை வைத்த ஆள் ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான். அத்தோடு எனக்குப் படம் முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட வேண்டியதுதான். ஒரு படத்திலாவது இடைவேளை வரைக்கும் தாக்குப்பிடித்ததில்லை. இந்தப் படத்தில் நான் வளரவே மாட்டேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும் நான்தான்.

கடைசிக் காட்சி ரயில்வே ஸ்டேஷனில். வித்தைக்காரக் கூட்டத்தோடு நான் ரயிலேறப் போகிறேன். தொலைந்துபோன மகனைத் தேடி அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவார். அப்பா என்றால் ஹர்தேவ் சாப், ஹீரோ. நான் அவரை நிற்கவைத்து அந்தப் பெரிய வசனத்தைச் சொல்வேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க நடப்பார். தியேட்டரில் எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள். இந்த மாதக் கடைசியில் எடுக்கிறார்கள்.

குழாயடி வரிசையில் நின்று வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறை ஷெவந்தாபாய் மாமி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தக் குடத்தை நான் நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்துவிட்டேன்.

மே 5, வெள்ளி

அம்மா காலையில் எனக்குக் கிராப்பு வெட்டினாள். போஸ்டரில் என் பெயர் மாஸ்டர் லட்டு. வீட்டில் செண்பகவல்லி. வயது பன்னிரண்டு. பத்திரிகைக்காரர்களிடம் சோமானி சாப் எட்டு என்பார். மூன்று வருடமாக எட்டு. பையன்களை வைத்துப் படம் எடுத்தால் வசனம் மறக்கிறார்கள், விளக்கைப் போட்டு உடைக்கிறார்கள், அதனால் பையன் வேஷத்துக்குப் பெண் பிள்ளைதான் லாயக்கு என்பது அவர் கட்சி. நான் பெண் என்பது அவருக்கும் மேக்கப் தாதாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஹர்தேவ் சாப்புக்குக்கூடத் தெரியாது. அவர் என்னைக் கண்டதும் "வாடா ஷேர்!" என்று கத்துவார். ஷேர் என்றால் சிங்கம். பிறகு என்னை ஆகாயத்தில் எறிந்து பிடிப்பார். அதற்காகவே நான் சீக்கிரம் மேக்கப் போட்டுக்கொண்டு போய் வழியில் நிற்பேன்.

சாயங்காலம் பாவாடை கட்டிக்கொண்டு பூ வாங்கப் போனேன். பூக்காரி என்னை உற்றுப் பார்த்து, "ஒனக்கு அந்த மாஸ்டர் லட்டு மொகம் அப்பிடியே இருக்கு. பொம்பளப் புள்ளைக்கு இப்பிடி ஒரு மூஞ்சியா?" என்று வருத்தப்பட்டு ஒரு முழம் கூட அளந்தாள்.

கால்சட்டை எல்லாம் சின்னதாகிவிட்டது. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்கிறாள் அம்மா. படத்தில் எனக்கு நண்பர்களாக வருகிற பையன்களையும் சோமானி சாப் மாற்றிவிட்டார். புதுப் பையன்கள் எல்லாம் ஒட்டகம் மாதிரி உயரம். அவருக்கு என்ன கிறுக்கோ தெரியவில்லை.

மே 9, செவ்வாய்

காலையிலிருந்து வயிற்று வலி. மதியம் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்தாள், சிரித்தாள், உடனே அழுதாள், மறுபடி சிரித்தாள். "ஐயோ, இந்தப் படம் முடியட்டுமேன்னு இருந்தேனே ஆத்தா" என்றாள். என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். புரிந்துகொள்ளத் தெரிந்தவர்கள் புரிந்துகொள்ளட்டும்.

மே 10, புதன்

என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து வழக்கப்படி மூலைக்குக் குறுக்கே உலக்கை போட வேண்டும். பம்பாய்க் குடியிருப்பில் உலக்கைக்கு எங்கே போவது? அம்மா ஷெவந்தாபாய் மாமியிடம் சப்பாத்திக் கட்டையை இரவல் வாங்கிக் குறுக்கே போட்டிருக்கிறாள். பேயும் பிசாசும் அதைப் பார்த்தே சிரித்துவிட்டுப் போய்விடும். சப்பாத்தி போடுகிற நேரத்தில் மாமி வந்து கட்டையை எடுத்துக்கொண்டு போகிறாள். அப்போது எனக்குக் காவல் கிடையாது.

காலையில் உளுந்தங்களி, மதியம் உளுந்தங்களி, நடுவில் நல்லெண்ணெய் ஊற்றிப் பச்சை முட்டை. இதைத் தின்று வளர்ந்த பெண்கள் எல்லாரும் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்?

சடங்கு முடிகிற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது. ஷூட்டிங்குக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் சோமானி சாப் வேறு பிள்ளையைப் போட்டுவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். கீழே இரானி ஹோட்டலுக்குப் போய் டெலிபோன் செய்தாள். எனக்கு அம்மை போட்டிருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் இறங்கிவிடுமாம். வந்ததும் வராததுமாக மாரியாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுச் சூடம் ஏற்றினாள்.

ஊரில் இருக்கிற சங்கரபாண்டி மாமாவுக்கும் தந்தி அடித்தாயிற்று. தாய்மாமன் வராமல் ஒன்றும் நடக்காது. அப்பாவுக்குக் கப்பல் வேலை, இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ. மாமாவுக்கு அடித்த தந்தியில் "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று சேர்த்திருக்கிறாள் அம்மா.

மே 12, வெள்ளி

மேக்கப் தாதா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டூடியோவில் எனக்கு அம்மை என்றதும் ஒரே கலவரமாம். முந்தின வாரம் முழுக்க என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர் ஹர்தேவ் சாப் அல்லவா? கண்ணாடியே கதி என்று உட்கார்ந்துவிட்டாராம். கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய் வேப்பிலை மேல் படுத்துவிட்டாராம். டாக்டர் வந்து அது கொசுக்கடி என்றாராம். அந்த டாக்டரை நம்பாமல் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டாராம். அவரும் கொசு என்றாராம். ஷூட்டிங்கே நின்றுபோய்விட்டது.

நானும் அம்மாவும் மூச்சு முட்டச் சிரித்தோம். பிறகு அம்மா, "பாவம்ளா, நல்ல மனுசன்" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

மே 14, ஞாயிறு

மாமா வந்துவிட்டார்! கையில் சீர்த்தட்டு, தலையில் ஒரு பெரிய கட்டு. சிவகாசியில் அச்சாபீசில் கலர் போடுகிற வேலை அவருக்கு. வாசலிலேயே நின்று, "மருமகளே! ஒனக்கு மாமன் என்ன கொண்டாந்திருக்கேன் பாரு!" என்று கட்டைப் பிரித்தார்.

போஸ்டர். எல்லாம் போஸ்டர். நாலு கலரில், மூலைக்கு ஒரு ரோஜாப்பூ. நடுவில் கவணும் கையுமாகக் கால்சட்டை போட்டுக்கொண்டு, குல்லாவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நான் நிற்கிறேன். மாமாவிடம் இருந்தது அந்த ஒரு படம்தானாம். கீழே கொட்டை எழுத்தில்: "இந்திப் பட உலகின் இளஞ்சிங்கம் மாஸ்டர் லட்டு அவர்களின் பூப்புனித நீராட்டு விழா. அனைவரும் வருக! வருக!"

அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு தந்தி அடிச்சேனேடா பாவி!"

"நான் யார்கிட்டக்கா சொன்னேன்? ஒரு பயகிட்ட வாயத் தொறக்கல. அச்சடிச்சி மட்டும்தான் கொண்டாந்திருக்கேன்."

நான் சப்பாத்திக் கட்டையைத் தாண்டி உருண்டு உருண்டு சிரித்தேன். தீட்டோடு எல்லையைத் தாண்டினதற்கு அடி விழுந்தது. அடித்துக்கொண்டே அம்மாவும் சிரித்துவிட்டாள்.

மே 16, செவ்வாய்

போஸ்டரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தோம். நாங்கள் தூங்கி எழுவதற்குள் மாமா பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் தாராவியில் ஆரம்பித்து மாதுங்கா மார்க்கெட் வரைக்கும் ஒட்டிவிட்டு வந்து காப்பி கேட்கிறார்.

"அடிச்சதக் கட்டிலுக்கடியில போடுறதுக்கா கலர் போட்டேன்? சொந்த மருமக சடங்கு. மாமன் ஒளிச்சி மறைச்சிச் செய்யணுமா?" என்கிறார். அம்மா தலையில் கைவைத்தபடி காப்பி ஆற்றினாள். எல்லாம் தமிழில்தானே இருக்கிறது, ஸ்டூடியோக்காரர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்று நானே அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

வராந்தாவில் எனக்குப் பச்சை ஓலைக் குடிசை கட்டுகிறார் மாமா. ஓலை மாஹிமிலிருந்து வந்தது. மாடியில் இருக்கிற மராத்திப் பிள்ளைகள் இந்த வருடம் கணபதி சீக்கிரம் வந்துவிட்டார் என்று தேங்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் உள்ளேயிருந்து ஆசீர்வாதம் செய்கிறேன்.

வசனம் ஒரு சொல் பிசகாமல் வருகிறது.

மே 22, திங்கள்

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. பேனாவை எடுத்தாலே சிரிப்பு வந்தது.

காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாமா கொண்டுவந்த அரக்குப் பட்டில் பாவாடையும் முதல் தாவணியும் கட்டிவிட்டார்கள். தலையில்தான் தகராறு. கிராப்புத் தலையில் பூ எங்கே நிற்கும்? சவுரி வைத்துக் கட்டவும் ஒரு பிடி முடி வேண்டாமா? மேக்கப் தாதா புராணப் படத்து ராணியின் விக் ஒன்றை மறைத்து எடுத்துவந்து மாட்டிவிட்டார். முழங்கால் வரைக்கும் தொங்கியது. தலையைத் திருப்பினால் நான் திரும்பின பிறகு அது திரும்பியது.

தெருவில் பந்தல். நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பெண்கள் புட்டுத் தட்டைத் தலையைச் சுற்றி இறக்கிக் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரத்தி எடுக்க வந்த எங்கள் பூக்காரி என்னைப் பார்த்தாள், பந்தல் காலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். ஆரத்தித் தட்டோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியது சோமானி சாப். கையில் கிழிந்த போஸ்டர், அதில் பசை சொட்டுகிறது. பின்னாலேயே ஹர்தேவ் சாப்! தெருவே அலறியது. குலவை பாதியில் நின்றது. ஒரு அம்மாள் புட்டை என் தலையிலேயே கொட்டினாள்.

விஷயம் இதுதான். மாதுங்கா வழியாகப் போன சோமானி சாப் சுவரெல்லாம் என் படத்தைப் பார்த்திருக்கிறார். எழுத்து புரியவில்லை. அம்மை என்று பொய் சொல்லிவிட்டு நான் மதராஸ்காரன் எவனுக்கோ புதுப் படம் நடித்து, அது ரிலீசும் ஆகப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டார். வேப்பிலையில் படுத்துக் கிடந்த ஹர்தேவ் சாப்பையும் கோபத்தோடு கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். (அவர்கள் இந்தியில் பேசினதைத் தமிழில் எழுதுகிறேன்.)

"யாரு இந்தப் படத்தை எடுக்கறது? எந்தக் கம்பெனி?" என்று மாமாவின் மூக்குக்கு நேராகப் போஸ்டரை ஆட்டினார்.

மாமாவுக்கு இந்தி தெரியாது. அச்சு வேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி, "சிவகாசி! ஃபோர் கலர்!" என்றார்.

"சிவகாசி பிக்சர்ஸா? கலர் படமா?" சோமானி சாப்புக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. அவர் எடுக்கிறது கறுப்பு வெள்ளை.

என் கடைசிக் காட்சி போச்சு என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். விளக்கிச் சொல்லலாம் என்று துள்ளி எழுந்தேன். ஹர்தேவ் சாப் கண்ணில் பட்டதும், செட்டில் எப்போதும் செய்கிற மாதிரி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். விக் பின்பக்கமாகச் சரிந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

ஹர்தேவ் சாப் என் கிராப்பைப் பார்த்தார். தாவணியைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார்.

"ஷேர்?" என்றார்.

அம்மா அழுதுகொண்டே தனக்குத் தெரிந்த அரை இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினாள். சோமானி சாப் தலைகுனிந்து நின்று, அது பெண்தான், தனக்கு முதலிலேயே தெரியும் என்று ஒப்புக்கொண்டார். ஹர்தேவ் சாப் ரொம்ப நேரம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். மாமா எனக்கு வைத்திருந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். அவர் புட்டும் சாப்பிட்டார், இரண்டு தடவை கேட்டு வாங்கி.

புறப்படும்போது என் முன்னால் வந்து கைகூப்பி, "நமஸ்தே பேட்டி, நல்லா இருங்க" என்றார். பேட்டி என்றால் மகள். அதுவும் "இருங்க" என்றார். என் தலையைக் கலைக்கவில்லை. மறுபடி விக் மாட்டியிருந்ததால் இருக்கலாம்.

மே 23, செவ்வாய்

மாமாவைப் போல ஒரு துரோகி உண்டா? கடைசிக் காட்சிக்குப் போகக் கூடாதாம்!

"சடங்கு கழிஞ்ச புள்ள கால்சட்டயப் போட்டுக்கிட்டு ஒரு ஆம்பள தோள்ல ஏறி ஒக்காருறதா? ஊர்ல தெரிஞ்சா நான் தலை காட்ட முடியுமா?" என்கிறார். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினவர் பேசுகிற பேச்சு! அவர் முகத்துக்கு நேரே இதைச் சொன்னேன். தாய்மாமன் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாதாம்.

சோமானி சாப் தகவல் அனுப்பியிருக்கிறார். நான் வராவிட்டால் ஆறு வயசுப் பையன் ஒருவனை முதுகுப் பக்கமாகக் காட்டி எடுத்துக்கொள்வாராம். என் வசனம்! அந்தப் பையனின் முதுகு என் வசனத்தைச் சொல்லப் போகிறது! நான் இனிமேல் ஒன்றும் சாப்பிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டேன். இன்றைக்கும் உளுந்தங்களிதான் என்பதால் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அம்மா எந்தப் பக்கமும் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டு மடியில் சாய்த்துத் தலை சீவினாள். சீவ அங்கே என்ன இருக்கிறது? ஆனாலும் சீவிக்கொண்டே இருந்தாள். கிராப்பு வெட்டுகிற கத்தரிக்கோலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம். "நாம ரெண்டு பேரும் ஸ்டூடியோவுக்கு அந்த எட்டரை மணி வண்டில எத்தன தடவ போயிருப்போம்" என்றாள்.

மே 25, வியாழன்

சாயங்காலம் அம்மா தீப்பெட்டி வாங்கப் போகிறேன் என்று கீழே இரானி ஹோட்டலுக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். தீப்பெட்டி வாங்க மறந்துவிட்டாளாம். இப்போதெல்லாம் அவளுக்கு மறதி அதிகம்.

மே 26, வெள்ளி

என்ன அதிசயம்! சோமானி சாப் தானே நேரில் வந்தார், மேக்கப் தாதாவைத் துபாஷியாகக் கூட்டிக்கொண்டு. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மாமாவிடம் போய் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து நெற்றி, மூக்கு, மீசை எல்லாவற்றையும் ஆராய்ந்தார்.

"கடைசிக் காட்சியில ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேணும். பம்பாய் முழுக்கத் தேடிட்டேன். இப்படி ஒரு கம்பீரமான முகம் கிடைக்கலை."

மாமா மீசையைத் தடவினார். "தொப்பி உண்டா?" என்று கேட்டார்.

"தொப்பி, கோட்டு, பித்தளைப் பொத்தான் எல்லாம் உண்டு. கையில பச்சைக் கொடி."

"கொடி நான் மட்டும்தான ஆட்டுவேன்? வேற யாருக்கும் குடுக்க மாட்டீகளே?"

மாமாவுக்குக் காக்கிச் சட்டை, தொப்பி என்றால் உயிர் என்பது சோமானி சாப்புக்கு எப்படித்தான் தெரிந்ததோ. ஊரில் தபால்காரர் தொப்பியைக் கழற்றி வைத்தால்கூட மாமா எடுத்துப் போட்டுப் பார்ப்பார். சிறிது நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "மாமன் பக்கத்துலயே நிக்கும்போது மருமக நடிச்சா ஒரு குத்தமும் இல்லக்கா" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா அடுப்பு ஊதப் போய்விட்டாள். புகையில் சிரிக்கிற மாதிரி தெரிந்தது.

நான் களியை மூன்று உருண்டை சாப்பிட்டேன்.

மே 30, செவ்வாய்

நேற்று! எங்கே ஆரம்பிப்பது?

கல்யாணுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷன். நிஜ ரயில், நிஜ எஞ்சின், நிஜ டிரைவர், எல்லாம் வாடகைக்கு. அம்மா கத்தரிக்கோலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிராப்பைத் திருத்திவிட்டாள். துவைத்துச் சுருங்காத புதுக் கால்சட்டை தைத்து வைத்திருந்தார்கள்.

ஆனால் ஸ்டேஷனே ஒரு மாதிரி இருந்தது. வழக்கமாக என் காதைத் திருகுகிற லைட் பிடிக்கிற ஆட்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை, பெட்டி மேல்தான் உட்காருவேன். நான் வழியில் போய் நின்றேன். ஹர்தேவ் சாப் வந்தார். "நமஸ்தே பேட்டி" என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

முதல் டேக். நான் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் மாமா கேமராவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே பச்சைக் கொடியை ஓங்கி ஆட்டிவிட்டார். நிஜ டிரைவர் அல்லவா? கொடியைப் பார்த்ததும் விசிலடித்து வண்டியை எடுத்துவிட்டார். வித்தைக்காரக் கூட்டம், கரடி, பாதி ஜனம், சோமானி சாப்பின் டிபன் கேரியர் எல்லாம் வண்டியோடு போய்விட்டன. "நிறுத்து! நிறுத்து!" என்று சோமானி சாப் தண்டவாளத்தில் ஓடினார். மாமா, தன் கொடிக்கு ஒரு ரயிலே கிளம்பிவிட்ட சந்தோஷத்தில், இன்னும் வேகமாக ஆட்டினார். அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் அது திரும்பி வருவதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். கரடி ஒன்றுக்குத்தான் பசி.

இரண்டாவது டேக்கில் வசனம் சொன்னேன். சொன்னேன் என்றா எழுதுவது! ஸ்டேஷனில் காற்றுகூட நின்று கேட்டது. "எத்தனை ரயில் வந்துச்சு, ஒண்ணுலேயும் நீங்க இறங்கலையே" என்கிற இடத்தில் கேமராமேன் கண்ணைத் துடைத்தார். ஆனால் ஹர்தேவ் சாப் என்னைத் தூக்கின அழகு இருக்கிறதே, கொதிக்கிற பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குகிற மாதிரி தூக்கினார். சோமானி சாப் "கட்" என்றார். அடுத்த டேக்கும் அப்படியே. அதற்கடுத்ததும்.

சோமானி சாப் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் காது கூர்மை.

"என்னால முடியலைப்பா. முன்ன மாதிரி இல்ல. பெரிய பொண்ணு ஆயிட்டாங்க. எங்க பிடிச்சுத் தூக்கறதுன்னே கூச்சமா இருக்கு. பேசாம கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி எடுத்துடலாம்."

கையைப் பிடித்து நடத்தியா? அவர்மேல் கோபம் வரவில்லை. எதன்மேல் கோபம் என்றே தெரியாமல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"சாப், நீங்க தூக்கவே வேண்டாம். சும்மா நில்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

டேக். வசனத்தை முடித்தேன். "பேட்டா" என்றார். நான் பின்னால் நாலடி போய், ஓடி வந்து, ஒரே பாய்ச்சலாக அவர் மேல் ஏறினேன். ஒரு கால் அவர் பெல்ட்டில், ஒரு கால் அவர் கையில், அடுத்தது தோள். அவர் அப்படியே தள்ளாடிப் பின்னால் இருந்த போர்ட்டரின் டிரங்குப் பெட்டிகள் மேல் மோதி, "ஓயே ஷேர்! படவா! என் முதுகு போச்சுடா!" என்று தன் பஞ்சாபியில் கத்தினார். கத்தினவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்தேன். என் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பழைய மாதிரி குலுக்கிக் குலுக்கிப் பிளாட்பாரம் முழுக்க நடந்தார். மேலிருந்து எல்லாம் தெரிந்தது. டீக்கடை ஓரமாக அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா கொடியை மறந்துவிட்டுத் தொப்பிக்குள் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"கட்! ஓகே! ஓகே!" என்று சோமானி சாப் குதித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஹர்தேவ் சாப் என்னைக் கீழே இறக்கிவிட்டார். விளக்குகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இன்னொரு டேக் எடுக்கலாமா சாப்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பிரமாதமா வந்திருக்கு."

"பத்திரத்துக்கு இன்னொன்னு இருக்கட்டும்" என்றேன். குரல் கொஞ்சம் சரியாக வரவில்லை. காலையிலிருந்து வசனம் பேசினதால் இருக்கும்.

ஹர்தேவ் சாப் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சோமானி சாப்பிடம், "எடுத்துடலாம். எனக்கும் திருப்தியா இல்ல" என்றார். சோமானி சாப் அவரைப் பார்த்தார், கேமராமேனைப் பார்த்தார். கேமராமேன் தலையை ஆட்டினார். "எல்லாரும் இடத்துக்கு வாங்க" என்று சோமானி சாப் கத்தினார்.

மறுபடி வசனம் சொன்னேன். மறுபடி ஓடி வந்து பாய்ந்தேன். இந்தத் தடவை அவர் கையை விரித்துக்கொண்டு தயாராக நின்றார். பிடித்து, ஒரு தடவை ஆகாயத்தில் எறிந்து, மறுபடி பிடித்துத் தோளில் வைத்தார். அது கதையிலேயே கிடையாது.

பாதிப் பிளாட்பாரம் தாண்டும்போதுதான் கவனித்தேன். வெளியூருக்குக் கொண்டுவருகிற அந்தக் கேமரா, ஓடினால் தையல் மிஷின் மாதிரி கடகடவென்று சத்தம் போடும். இப்போது சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். கேமராமேன் வெறுமனே கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். ஃபிலிம் பெட்டியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹர்தேவ் சாப்பும் நிற்கவில்லை. பிளாட்பாரம் முடிகிற இடம் வரைக்கும் போனோம்.